'வித்' வீட்டுச் சொற்கள்

ஈர வாழைநாரின் வாடையும் பிச்சிப்பூவின் மணமும் கோடு போட்ட நோட்டுத் தாளின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், அதுதான் என் அம்மா ஆங்கிலம் படித்த வாசனை என்று சொல்வேன். பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வரும் நேரத்துக்குப் பூக்கடையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய பூமூட்டை வந்து இறங்கியிருக்கும், அம்மா அதை முறத்தில் பரப்பித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள், நான் பையை ஆணியில் மாட்டிவிட்டு அவளுக்கு எதிரே நோட்டை விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். விளக்கு வைப்பதற்குள் அவ்வளவு பூவையும் கட்டி முடித்தாக வேண்டும் என்பதால் அவள் தலை நிமிரமாட்டாள். நான் "கேர்லெஸ்" என்பேன். இரண்டு பூவை இந்தப் பக்கமும் இரண்டு பூவை அந்தப் பக்கமும் வைத்து நாரைச் சுற்றி இழுத்துக்கொண்டே அவள் "கவனம் இல்லாத" என்பாள். "ஹோம்லெஸ்." "வீடு இல்லாத." "ஹெல்ப்லெஸ்." "ஒத்தாசைக்கு ஆளு இல்லாத." ஒரு கண்ணி பூவுக்கு ஒரு சொல் என்ற கணக்கில் ஒரு முழம் பூ கட்டி முடிவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். பக்கத்தைத் திருப்பச் சொல்லி அவளே சில சமயம் நோட்டைத் தொட்டுவிடுவாள், விரல் ஈரம் பட்ட இடத்தில் மை பரவி, அந்தச் சொல் மட்டும் ஊதிப் பெருத்துத் தெரியும்.

அப்பா இறந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன், தம்பி இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. சங்கரன்கோவிலிலேயே ஒரு அரசாங்க அலுவலகத்தில் அப்பா கிளார்க்காக இருந்தார். மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே பதினெட்டு நாளில் போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அலுவலகத்தின் தலைமைக் கிளார்க் அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்பினார், அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் நல்ல மனிதர், எங்களை நிற்கவிடாமல் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, நீங்க என்ன படிச்சிருக்கீய?"

"எட்டு, சிவகிரில."

அவர் மேசை மேலிருந்த ஒரு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செத்துப்போனவங்க வீட்டுல ஒருத்தருக்கு வேலை உண்டு. மூணு வருசத்துக்குள்ள வாங்கிக்கிடணும். எட்டாங்கிளாஸ்னா பியூன் வேலைதான் குடுக்க முடியும். பத்து பாஸ் பண்ணிட்டு வந்தீயன்னா அவரு உக்காந்த நாற்காலியிலயே உக்காரலாம். யோசிச்சிச் சொல்லுங்க."

வெளியே வரும்போது அப்பாவின் மேசை காலியாகத்தான் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள், தொடக்கூட இல்லை. வீட்டுப் படியேறும்போது, "மூணு வருசம் இருக்குல்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாசுதேவநல்லூரில் விவசாயம் பார்த்துவந்த பெரியப்பாவுக்கு, அம்மா பத்தாவது எழுத நினைத்தது துளியும் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அறுப்பு முடிந்ததும் எங்களுக்கென்று ஒரு மூட்டை நெல் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறவர்தான். ஆனால் ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுவார். "வடிவு, முப்பத்திமூணு வயசுல புஸ்தகத்தத் தூக்கிட்டு அலையணுமா? கெடைக்கத வாங்கிட்டுப் போயிச் சேரு. கெவுருமெண்டு வேலைல பெருசு என்ன, சிறுசு என்ன?" அம்மா அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "இல்லத்தான், ஒரு தடவ எழுதிப் பாக்கேன்" என்பாள். அந்த ஒரு தடவை மூன்று தடவை ஆயிற்று.

முதல் தடவை பிரைவேட்டாக எழுதியதில் தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கிலும் தேறிவிட்டாள், ஆங்கிலத்தில் பத்தொன்பது. மறுபடியும் செப்டம்பரில் எழுதியபோது இருபத்தேழு. முப்பத்தைந்து வேண்டும். மிச்சமிருந்தது ஒரே ஒரு பங்குனிப் பரீட்சை, அதற்குப் பிறகு மூன்று வருடக் கெடு முடிந்துவிடும்.

அந்தச் செப்டம்பருக்குப் பிறகுதான் அம்மா சொற்களை வீடு வீடாகப் பிரிக்கத் தொடங்கினாள். பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில், ஒரே துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் சொற்களைச் சேர்த்து எழுதும் பயிற்சி ஒன்று இருந்தது. அதை நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "ஏட்டி கோமதி, இதுக எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரில்லா இருக்கு! ஒண்ணு ஒண்ணாப் படிக்கதுக்குக் குடும்பம் குடும்பமாப் படிச்சிட்டா என்ன?" என்றாள். அன்றிரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் பக்கத்துக்கு ஒரு வீடு என்று தலைப்புப் போட்டுவிட்டாள். "லெஸ் வீடு", "ஃபுல் வீடு", "போர்ட் வீடு", "லஜி வீடு". ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் அதில் குடியிருக்கும் சொற்கள், அவற்றுக்கு எதிரே தமிழில் பொருள். "லெஸ் வீட்டுக்காரங்க எல்லாம் இல்லாதப்பட்டவங்க. ஃபுல் வீட்டுக்காரங்க வசதியானவங்க" என்று அவள் வைத்துக்கொண்ட அடையாளம் எனக்கே இன்றுவரை உதவுகிறது. 'ப்ளெஸ்' என்ற சொல்லை நான் லெஸ் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆசீர்வாதமும் இல்லாமப் போச்சாட்டி நமக்கு? அதத் தூக்கி வெளிய போடு." அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

போர்ட் வீட்டுக்காகப் பக்கத்து வீட்டுப் பாத்தும்மாளையும் விட்டுவைக்கவில்லை. கடையநல்லூரிலிருந்து வந்து, ஒட்டு வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் வளவில் குடியிருந்த அந்த அம்மாவின் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார், ஆகையால் பாத்தும்மாளிடம் பாஸ்போர்ட், ஏர்போர்ட், ரிப்போர்ட் எல்லாம் பேச்சோடு பேச்சாக வரும். "டிரான்ஸ்போர்ட்டும் இருக்குல்லா வடிவக்கா, எழுதிக்கிடுங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

இப்படிச் சொற்கள் சேரச் சேர, பொருள் தெரியாதவையும் சேர்ந்தன. பழைய கேள்வித்தாள்களைப் பார்த்து அம்மா எழுதி வைத்த சொற்களில் பாதிக்கு எங்கள் இருவருக்குமே பொருள் தெரியாது. வீட்டில் அகராதி கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்று இருந்தது, தலைமையாசிரியை அறைக்குப் பக்கத்தில் பூட்டிய அலமாரியில், தடிமனாக, முதுகு கிழிந்து. புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலமாரிப் பொறுப்பு டீச்சரிடம் கேட்டு அதை வாங்கி, அம்மா கொடுத்தனுப்பிய சீட்டில் இருக்கும் சொற்களுக்குப் பொருள் பார்த்து எழுதிக்கொண்டு வருவது என் வேலை. கார்த்திகை வரை அதை ஒழுங்காகத்தான் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் கையிலிருந்த சீட்டை என் வகுப்புச் செல்வி பிடுங்கிவிட்டாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு கடினமான சொற்கள் என்று அவள் கேட்க, அலமாரிப் பொறுப்பு டீச்சர் தலையை உயர்த்தி, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், "ஒங்கம்மாவுக்கா? இன்னுமா அவங்க பாஸ் பண்ணல?" என்று கேட்டுவிட்டார். சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்விக்கு அது போதுமாக இருந்தது. "கோமதி வீட்டுல அம்மாவும் மகளும் ஒரே பள்ளிக்கூடம்லா" என்று அவள் சொன்னதை அந்த வாரம் முழுக்க எல்லாரும் சொன்னார்கள். 'ஃபெயில் அம்மா' என்று எனக்கு ஒரு பெயரும் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு நான் அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை.

போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தானே பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டுவிடுவாளோ என்று பயம். பயம் மட்டும் இல்லை, எனக்கு அலுத்தும் போயிருந்தது. மற்றப் பிள்ளைகள் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் ஒரு மாலை விடாமல், இரண்டு வருடமாக, அதே ஈர முறத்துக்கு எதிரே உட்கார்ந்து அதே சொற்களை அதே குரலில் வாசித்துக்கொண்டிருந்தேன். இது எப்போதுதான் முடியும் என்று இருந்தது. ஆகையால் பள்ளிக்கூடம் விட்டதும் ஆவுடைப் பொய்கைத் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சீட்டில் இருந்த சொற்களுக்கு நானே பொருள் எழுதத் தொடங்கினேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அம்மா சொல்லிக் கொடுத்த வழிதானே? சொல்லை இரண்டாக உடைத்தால் இரண்டு துண்டுக்கும் பொருள் தெரியும், ஒட்டினால் முழுச் சொல் வந்துவிடும். 'அவுட்' என்றால் வெளியே, 'ஸ்டாண்டிங்' என்றால் நிற்பது, ஆகவே 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் வெளியே நிற்பது. 'ஓவர்' என்றால் மேலே, 'லுக்' என்றால் பார்ப்பது, ஆகவே 'ஓவர்லுக்' என்றால் மேற்பார்வை பார்ப்பது. இவ்வளவு பொருத்தமாக வந்த பிறகு அகராதி எதற்கு என்று எனக்கே தோன்றியது.

அம்மாவுக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் போய் நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட செய்தி அவள் காதுக்கு எட்டிய அன்று, "என்னட்டி, இன்னைக்கு நீ அவுட்ஸ்டாண்டிங்காமே?" என்று கேட்டாள்.

'வித்' வீடு வந்தது தை மாதத்தில். வித்டிரா, வித்ஹோல்ட், வித்ஸ்டாண்ட். 'வித்' என்றால் 'கூட' என்பது ஆறாம் வகுப்பிலேயே படித்தது. படிக்கட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். வித்டிரா, சேர்ந்து வரைதல். வித்ஹோல்ட், சேர்ந்து பிடித்துக்கொள்ளுதல். வித்ஸ்டாண்ட், கூட நிற்றல். அன்று மாலை அம்மா அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். கையில் பாதி கட்டிய சரம் அப்படியே தொங்க, "இங்கிலீஷ்காரன் லேசுப்பட்டவன் இல்லட்டி. கூட நிக்கதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை வச்சிருக்கான் பாரு" என்றாள். பிறகு, "எல்லா வீட்டையும் விட இந்த வித் வீடுதான் எனக்குப் புடிச்சிருக்கு. எல்லாரும் சேந்து இருக்காங்க" என்றாள். நாளைக்கே போய் அகராதியைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் அலமாரிக்கு முன்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

பரீட்சை மையம் கடையநல்லூரில். ஆங்கிலப் பரீட்சை அன்று எனக்கு விடுமுறை, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். முகூர்த்த நாள் என்பதால் பஸ்ஸில் கூட்டம், கல்யாணத்துக்குப் போகிறவர்களின் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வெளுத்த நூல்சேலையோடு, நெற்றியில் திருநீறு மட்டும் பூசிக்கொண்டு, உதடு அசைய நின்றுகொண்டே வந்தாள். உள்ளே போகுமுன் என்னை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, தயிர்ச்சோற்றுத் தூக்கையும் என்னிடம் கொடுத்து, "எங்கயும் போயிராத. நீ இங்கன இருக்கேன்னு நெனச்சிக்கிட்டே எழுதுவேன்" என்றாள். நான் எங்கும் போகவில்லை. மரத்தடியில் வேறு சிலரும் காத்திருந்தார்கள். எல்லாரும் மகனுக்காகவோ மகளுக்காகவோ வந்தவர்கள். "நீ யாருக்காக வந்திருக்க பாப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, "அக்காவுக்கு" என்று சொன்னேன்.

மணி அடித்து அம்மா வெளியே வந்தாள். முகம் சோர்ந்திருந்தாலும் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. சோற்றைப் பிசைந்து எனக்கு முதலில் கொடுத்தாள்.

"சொந்த வாக்கியத்துல எழுதச் சொல்லி அஞ்சி வார்த்தை குடுத்திருந்தான். அதுல நம்ம வித்ஸ்டாண்ட் வந்திருந்துச்சிட்டி! நான் என்ன எழுதினேன்னு சொல்லு பாப்போம்?"

"என்ன எழுதுன?"

"மை டாட்டர் வித்ஸ்டாண்ட்ஸ் மீ." ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "எம் மக எனக்குக் கூட நிக்கா. சரிதான?"

நான் தலையை ஆட்டினேன்.

மறுவாரம் புதன்கிழமை யார் இருக்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்காமல் நேராகப் போய் டீச்சரிடம் அகராதியைக் கேட்டேன். அவர் சாவியை எடுத்துத் திறந்து கொடுத்தார். செல்வி ஏதோ சொன்னாள், அது எனக்குக் கேட்கவே இல்லை. அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. வித்டிரா, பின்வாங்குதல். வித்ஹோல்ட், கொடுக்காமல் நிறுத்திவைத்தல். வித்ஸ்டாண்ட், எதிர்த்து நிற்றல். அந்த வீட்டில் ஒரு சொல்கூடச் சேர்ந்து இருக்கவில்லை. மற்றச் சொற்களையும் பார்த்தேன். 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் சிறந்து விளங்குவது. 'ஓவர்லுக்' என்றால் கவனிக்காமல் விட்டுவிடுவது. நான் எழுதிக் கொடுத்த நாற்பது ஐம்பது சொற்களில் சரியாக அமைந்தவை பத்து இருந்தால் அதிகம். புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தபோது டீச்சர், "இப்பல்லாம் நீ வாரதே இல்லயே" என்றார்.

வைகாசியில் மதிப்பெண் பட்டியல் தபாலில் வந்தது. ஆங்கிலம் முப்பத்து மூன்று.

அம்மா அதைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பாத்தும்மாள் ஓடிவந்து, "எத்தன வடிவக்கா?" என்று கேட்டபோது, காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து மீதிப் பூவைக் கட்டினாள். அழவில்லை. கட்டி முடித்துக் கடைக்கு அனுப்பிய பிறகு, அந்தப் பட்டியலைப் பெட்டியில் அப்பாவின் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, "நீ என்னட்டி செய்வ, நீ ஒன்னால முடிஞ்சதச் செஞ்ச" என்று என் தலையில் கை வைத்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி பசிக்கிறது என்று வந்து நின்றான், அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கெடு முடிய இருபது நாள் இருந்தபோது அம்மா அந்த அலுவலகத்தில் பியூனாகச் சேர்ந்தாள். பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம், பஸ் ஏறி வந்து அல்வாப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவின் நாற்காலியில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார், தண்ணீரைக்கூடத் தானே எழுந்து போய்க் குடித்துக்கொள்வார். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. காலை ஒன்பதரைக்கு அலுவலகத்தைத் திறந்து பெருக்கி, பானையில் தண்ணீர் ஊற்றி, பதினோரு மணிக்கும் மூன்றரை மணிக்கும் எதிர்க் கடையிலிருந்து டீ வாங்கிவந்து, மேசைக்கு மேசை கோப்புகளைச் சுமந்து, அதிகாரியின் அறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, மணி அடித்ததும் எழுந்து, இருபத்தைந்து வருடம். மாலையில் வீட்டுக்கு வந்ததும் தரையில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன். அவள் அந்த நாற்பது பக்க நோட்டைப் பிறகு எடுக்கவே இல்லை, நான் ஆங்கிலப் பாடத்தை வாய்விட்டு வாசித்தால் மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் சம்பளத்தில்தான் நான் கல்லூரி வரை படித்தேன், தம்பியும் படித்தான். எனக்கு ராஜபாளையத்தில் வேலை கிடைத்தது, கிளார்க் வேலை. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை, உடம்பெல்லாம் கனத்தது.

அவளிடம் சொன்னது முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தபோது. கண்ணுக்குப் பச்சைத் துணி மறைப்புக் கட்டிக் கட்டிலில் படுத்திருந்தாள், மதியம், மின்சாரம் இல்லை, நான் விசிறிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்க முடியாது என்பதால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"யம்மா, அந்த வித் வார்த்தைக்கெல்லாம் நானா எழுதுன அர்த்தம். டிக்ஷனரியப் பாக்கவே இல்ல."

"எந்த வித்து?"

எல்லாவற்றையும் சொன்னேன். செல்வியை, படிக்கட்டை, கடையநல்லூர் வேப்பமரத்தடியில் "அக்காவுக்கு" என்று சொன்னதை, இரண்டு மதிப்பெண்ணை. விசிறுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அம்மா தூங்கிவிட்டாளோ என்றுகூட நினைத்தேன்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேக்கியா?" என்றாள். "அன்னைக்கு முகூர்த்தம். விடியுமுன்ன எந்திச்சி ஒரு கல்யாணத்துக்கு மால கட்டிக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன். பரீட்சைல கடைசிக் கேள்வி லெட்டர். லீவு லெட்டர். எனக்கு அது தண்ணிபட்ட பாடு. முக்கா மணி நேரம் இருந்துச்சி. கொஞ்ச நேரம் கண்ண மூடிட்டு எழுதுவோம்னு பெஞ்சில தலைய வச்சேன் மக்கா. மணி அடிச்சிதான் முழிச்சேன். ஒரு டீச்சரம்மா பேப்பர உருவிக்கிட்டுப் போறாங்க."

நான் மறுபடி விசிறத் தொடங்கினேன்.

"ஒங்கிட்ட எப்படிச் சொல்ல? ரெண்டு வருசமா எனக்கு எதுக்க உக்காந்து வாசிச்ச புள்ள. தூங்கிட்டு வந்தேன்னு சொன்னா ஒனக்கு மனசு விட்டுப் போயிராதா? அதான் வேற பேச்சு பேசுனேன்." கையை நீட்டி என் முழங்காலைத் தேடிப் பிடித்தாள். "அந்த வார்த்தைக்கு நெசமா என்னதான்ட்டி அர்த்தம்?"

"எதுத்து நிக்கது. இல்லன்னா, தாக்குப்பிடிக்கது."

"தாக்குப்பிடிக்கதா?" அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் நான் எழுதுனதும் மோசம் இல்ல. நீ என்னயத் தாக்குப்பிடிச்சேல்லா." சிரிக்க முயன்றாள், சிரித்தால் கண்ணில் நீர் வரும், கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் என்று நான் அதட்டினேன். விடைத்தாளைத் திருத்தியவர் அந்த வாக்கியத்துக்கு மதிப்பெண் போட்டாரா, போடவில்லையா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அந்த இரண்டு மதிப்பெண் போனது அவள் எழுதாமல் விட்ட கடிதத்தினாலா, நான் எழுதிக் கொடுத்த பொருளினாலா என்பதை எந்த அகராதியிலும் பார்க்க முடியாது. சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை, அவளுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் வேலை பார்த்த அலுவலகம் ஊருக்கு வெளியே புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது, பழைய இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. எங்கள் வளவை இடித்துவிட்டார்கள். பாத்தும்மாளின் குடும்பம் வீட்டுக்காரரோடு துபாய் போனதாகச் சொன்னார்கள், பிறகு எந்தத் தகவலும் இல்லை. பள்ளிக்கூட அலமாரி என்ன ஆயிற்றோ, இப்போது என் தம்பி மகள் எந்தச் சொல்லாக இருந்தாலும் செல்போனிடம் கேட்டு ஒரு நொடியில் பொருள் தெரிந்துகொள்கிறாள், அதற்காக அவள் யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.

எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. இப்போதும் தினமும் ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்த் திரும்புகிறேன். மாலையில் ஜன்னலோர இடம் கிடைத்தால் கம்பியில் தலை சாய்த்ததும் கண் அசந்துவிடுகிறது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கிய பிறகு, "அக்கா, ஊரு வந்துட்டு, எறங்கலையா?" என்று கண்டக்டர் பையன் கம்பியைத் தட்டுகிறான். எங்கே இருக்கிறேன் என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆகிறது. பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, மெல்ல இறங்குகிறேன்.